சார்பு
‘சார்’ என்னும் வினையடியில் பிறந்த பெயர்; சாய்தல், அண்டுதல், பற்றி நிற்றல் என்று பொருள். தனித்து நில்லாமல் பிற எழுத்தைச் சார்ந்தே ஒலிக்கும் ஆய்தம், குற்றியலுகரம் முதலியவை இலக்கணத்தில் சார்பெழுத்து. மென்பொருளில், ஒரு நிரல் இயங்கத் தேவையான வேறொரு நிரல்தொகுப்பே அதன் சார்பு. கணிதப் பாடநூல்களில் ‘சார்பு’ ஃபங்ஷனைக் குறிப்பதால், குழப்பம் வரும் இடத்தில் ‘சார்புநிலை’ என்பதே நல்லது.

ஒரு சார்பின் பதிப்பை ‘1.2 அல்லது அதற்கு மேல்’ என்று மட்டும் குறித்தால், இன்று கட்டிய பொதி நாளை வேறாகிவிடலாம். ரஸ்ட் மொழியின் ‘கார்கோ.லாக்’ கோப்பு, பதிவகத்திலிருந்து வரும் ஒவ்வொரு சார்புக்கும் துல்லியமான பதிப்பு எண்ணையும் 64 குறிகள் கொண்ட சரிபார்ப்புத் தொகையையும் பதிந்துவைக்கிறது. இறங்கிய கோப்பில் ஒரு பைட் மாறினாலும் கட்டுமானம் நின்றுவிடும். நிக்ஸ் என்னும் பொதி மேலாண்மைக் கருவி இன்னும் ஆழமாகச் செல்கிறது: கம்பைலர் உட்பட எல்லாச் சார்புகளையும் கணக்கில் கொண்ட 32 எழுத்துக் குறி, பொதியின் முகவரியிலேயே இடம்பெறுகிறது.