கம்பும் அரங்கும்: எம்.ஜி.ஆரின் சிலம்பம்

கல்வராயன் மலையடிவாரச் சங்கராபுரம் உள்ளிட்ட பழைய தென்னார்க்காட்டு நிலப்பரப்பில், இரவு முழுவதும் ஆடப்படும் தெருக்கூத்தும், மூங்கில் கம்பைச் சுழற்றித் தாக்கவும் தடுக்கவும் பயிற்றும் சிலம்பமும் திருவிழாக்களை ஒட்டியே வளர்ந்தன. நடிப்பும் வீரவிளையாட்டும் உடற்பயிற்சியால் பிணைந்திருந்த இம்மரபைத் திரைக்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் நடிகர் எம்.ஜி.ஆர்.

1917 ஜனவரி 17 அன்று இலங்கையின் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து, கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்து, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திய இத்தகைய குழுக்களான பாய்ஸ் கம்பெனிகள், பாட்டு, வசனம், ஆட்டம் ஆகியவற்றுடன் சண்டைப் பயிற்சியையும் அளித்து, நடிகனின் உடலையே அவனது முதல் கருவியாக உருவாக்கின.

1936இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’யில் சிறு வேடமேற்றுத் திரைக்கு வந்த அவர், ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) படத்தில் கம்பெடுத்துப் பொருதினார்; தேசிய விருது பெற்றுத்தந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்திலோ, ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே சிலம்பம் சுழற்றினார். கால்வைப்பே உயிரான ஒரு கலையை, நிலத்தில் கால் ஊன்றாமல் நிகழ்த்திய அக்காட்சி, ஊர்ப்புறச் சிலம்பத்துக்கு நாடறிந்த பெருமையைத் தேடித்தந்தது.

திரையைக் கடந்து, தமிழ்நாட்டில் 2024இல் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. வாழும் கலைக்கு ஏட்டுப் புகழைவிடப் பயிலும் இளைஞரே உறுதியான காப்பு என்பதால், இவ்வாய்ப்பு சிற்றூர்களின் பயிற்சிக் களங்கள்வரை சென்றடைய வேண்டும்.