ஒரு வீடு பல்கலைக்கழகமான கதை



ஏ.எல். பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்த பிறகு நம்ம ஊர் வீடுகளில் நடக்கிற பேச்சு உங்களுக்குத் தெரியும். முதல் நாள் சந்தோஷம். அடுத்த நாளே உம்மா கேட்பார்: "பிள்ளை எங்க தங்கும்?"

போன கிழமை வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சேர், கடெற்றாகச் சேர்ந்தால் கம்பஸில் இடமும் சாப்பாடும் சம்பளமும் தருவாங்களாமே, உண்மையா?" உண்மைதான் என்றேன். "அப்போ மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?" என்றான். பாட நேரம் முடிந்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் மாணவர் படையணி 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. அது பாடசாலைப் பிள்ளைகளுக்கானது. பயிற்சி முடிந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். ஆண்டுக்கொரு முகாம் போட்டால் போதும். பல்கலைக்கழகத்தில் பயிலிளவல் அதிகாரி என்பது அப்படியல்ல. படிக்கும் ஆண்டுகள் முழுவதும் அங்கேயே உண்டு, உறங்கி, விடியுமுன் எழுந்து அணிவகுக்க வேண்டும். ஆகவே விரிவுரை மண்டபத்துக்கு முன்னால் தங்குமிடம் வேண்டும்.

அந்த இடம் ஒரு மனிதரின் வீடாக இருந்தது. 1953 முதல் 1956 வரை பிரதமராக இருந்த சேர் ஜோன் கொத்தலாவலவின் இரத்மலானை வளவு அது. பெயர் கந்தவல. காலை விருந்துக்குப் பேர்போன வீடு. அவரை நமக்கு வேறு விதமாகவும் ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணம் வந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் சம அந்தஸ்து என்றார். தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியதும் அவருடைய கட்சி சிங்களம் மட்டும் என்று மாறியது. மாறியும் 1956 தேர்தலில் எட்டு ஆசனங்களே கிடைத்தன.

அவர் முப்படைக்கும் ஒரு கல்விக்கழகம் அமைக்கவென்று கந்தவல வளவை அரசுக்குக் கொடுத்தார். 1980 ஒக்டோபர் 2ஆம் திகதி காலமானார். மறு ஆண்டு, 1981இன் 68ஆம் இலக்கச் சட்டத்தால் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புக் கல்விக்கழகம் உருவானது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். தொடக்கத்தில் அந்தக் கழகத்துக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. பயிலிளவல்கள் கந்தவலவில் தங்கி, வேறு பல்கலைக்கழகங்களில் போய்ப் படித்தார்கள். அதாவது அது முதலில் பயிற்சியோடு கூடிய ஒரு விடுதி. 1988இல்தான் சட்டம் திருத்தப்பட்டு அதுவே பட்டம் வழங்கத் தொடங்கியது. 2007இல் பெயரிலும் பல்கலைக்கழகம் ஆனது. பின்னர் மருத்துவ பீடம், வெரஹெரவில் போதனா வைத்தியசாலை, தெற்கே சூரியவெவவில் இன்னொரு வளாகம் என்று பெருகியது. சீருடை இல்லாமல், கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவர்களும் வந்தார்கள்.

இப்போது அந்தப் பையனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதே 1981இல், 66ஆம் இலக்கச் சட்டத்தால் வந்ததுதான் மஹாபொல புலமைப்பரிசில் நிதியம். இரண்டு சட்டத்துக்கும் இடையில் ஒரேயொரு இலக்கம். ஒரு பிள்ளைக்குக் கட்டிலும் சாப்பாடும் சம்பளமும். மற்றப் பிள்ளைக்கு மாதாந்தம் ஒரு தொகை, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள். மஹாபொலவைக் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நம்மில் பலர் படித்திருக்க மாட்டோம். ஆனால் மாணவருக்குத் தங்குமிடம் கொடுக்க இந்த நாட்டுக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்லக்கூடாது. பேராதனையை 1952இல் திறந்தபோது சேர் ஐவர் ஜெனிங்ஸின் திட்டமே விடுதிகளோடு கூடிய பல்கலைக்கழகம்தான். பிறகு மாணவர் தொகை கூடியது, கட்டில் கூடவில்லை.

சும்மா கிடைத்த கூரையும் இல்லை. பயிலிளவலுக்குக் கிடைக்கும் கட்டிலுக்கு விலை, பட்டத்துக்குப் பிறகு படையில் சேவை. கூரையைக் கொடுப்பவர் நிபந்தனையும் வைப்பார்.

அந்த நிபந்தனை 2021இல் நாடு முழுவதற்குமான சண்டையாகியது. கொத்தலாவல பல்கலைக்கழகத்துக்கு மேலும் அதிகாரம் கொடுக்கும் சட்டமூலம் வந்தது. கல்வி இராணுவமயமாகிறது, காசுக்கு விற்கப்படுகிறது என்று ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். ஜூலை 8ஆம் திகதி பாராளுமன்றத்துக்கு அருகில் ஆர்ப்பாட்டம் செய்த ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் முதலானோரைப் பிடித்து, தனிமைப்படுத்தல் என்று சொல்லி முல்லைத்தீவு கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆசிரியருக்கும் படையினரின் கூரை கிடைத்தது, கேட்காமலே! அதைத் தொடர்ந்து நாங்கள் ஒன்லைன் வகுப்புகளை நிறுத்தியதும், சம்பள முரண்பாட்டுக் கோரிக்கையும் சேர்ந்து போராட்டம் ஒக்டோபர் வரை நீண்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை.

கடெற்றாகப் போக விரும்பும் பிள்ளையைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. தகுதியும் விருப்பமும் இருந்தால் போகட்டும். ஆனால் தங்க இடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போக வேண்டாம்.

1990இல் ஒரே இரவில் கூரையை இழந்து, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து பிள்ளைகளைப் படிப்பித்த சமூகம் நாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் 1995இல், யுத்தத்தால் படிக்க இடமற்றுப்போன மாணவர்களுக்காகத்தான் தொடங்கப்பட்டது. கூரையின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கந்தவல ஒரு வீட்டில் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒலுவிலிலோ நம்ம ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் தங்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொடுக்க நம்மால் முடியாதா? வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும் பள்ளி நிர்வாகமும் யோசியுங்கள். அடுத்த பெறுபேறு வருவதற்குள் பேசி முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

கருத்துகளைக் கீழே எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.

வஸ்ஸலாம்.