சுமப்பவன் பொறுப்பும் சொன்னவன் பொறுப்பும்

நேயர்களே, திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை அறியாதார் நம்முள் இலர். இயற்கையே அரண் செய்த ஆழ்கடற் குடா அது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் அதன்மேற் கண்வைத்துப் போரிட்டதை வரலாறு கூறும். அத்துறையை அடையும் கப்பலின் தலைவர், தம் கப்பலிற் பிறர் ஏற்றிய சரக்கின் விவரத்தைச் சுங்கப் பகுதியாரிடம் ஒப்புவித்தல் வேண்டும். 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் அவ்வாறு விதிக்கின்றது. பெட்டியைக் கட்டியவர் ஒருவர். சுமந்து வந்தவர் மற்றொருவர். பெட்டியினுள்ளே தீயது இருப்பின் பொறுப்பு யாருடையது?

இதே திருகோணமலையில், 1980களில், ஜேர்மனியின் வானொலி நிறுவனமாகிய டொய்ச்சு வெல்லே ஓர் அஞ்சல் நிலையத்தை நடத்தத் தொடங்கிற்று. பின்னர் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. தொலைவிலிருந்து ஒருவர் பேசியதை ஏற்று, வலுவூட்டி, மீண்டும் அனுப்புவதே அஞ்சல் நிலையத்தின் தொழில். துறைமுகத்தில் சரக்கு ஏறி இறங்கியது போல, இங்கே சொல் ஏறி இறங்கிற்று. ஆயினும், யாருடைய சொல்லைச் சுமக்கிறோம் என்பதை அஞ்சல் நிலையத்தார் முன்னரே அறிவர். முகமறியாத கோடிக்கணக்கான மக்களின் சொற்களைச் சுமக்கும் இணையத்தளங்களின் நிலை அத்தகையதன்று. அங்கே ஒருவர் இட்ட சட்டவிரோதமான சொல்லுக்கும் படத்துக்கும், இடங்கொடுத்த தளத்தாரும் பொறுப்பாவரா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

கருவி புதிதாயினும் வினா பழையது. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஆயினும் 1799 செப்டெம்பர் 23ஆம் நாட் பிரகடனத்தால், ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களைத் தொடர்ந்து நடத்த இசைந்தனர். அவ்வழியே இந்நாட்டில் நிலைத்தது உரோமன் டச்சுச் சட்டம். அதன் வேரோ பண்டை உரோமாபுரியில் உள்ளது. அந்நாட்டு நீதியறிஞர் உல்பியன், சத்திரக்காரரைப் பற்றி நுட்பமான வேறுபாடொன்றைக் காட்டினார். சத்திரத்திலே நிலையாகக் குடியிருப்பவர் திருடினால், சத்திரக்காரர் பொறுப்பாவர். ஏனெனில் அவரை ஒருவகையில் தேர்ந்து வைத்துக்கொண்டவர் இவரே. ஓரிரவு தங்கிச் செல்லும் வழிப்போக்கரின் செயலுக்கோ அவ்வாறு பொறுப்பாகார். வழிப்போக்கரைத் தேரும் வாய்ப்பு அவருக்கு இல்லை. இடங்கொடுத்தமை ஒன்றே குற்றமாகாது. தேர்ந்தெடுக்கும் ஆற்றல் எங்குளதோ அங்கே பொறுப்பும் உளது என்பதே இதன் உட்பொருள்.

அச்சுக்கலை பரவிய பின்னர், ஆங்கில நீதிமன்றங்கள் இவ்வினாவை மீண்டும் எதிர்கொண்டன. 1885ஆம் ஆண்டில் பத்திரிகை விற்பனையாளர் சிலர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் விற்ற பத்திரிகையில் ஒருவரை அவதூறு செய்யும் செய்தி இருந்தது. அவர்கள் அதனை அறிந்திலர். அறியாமைக்கு அவர்களின் கவனக்குறைவும் காரணமன்று. ஆதலின் விடுவிக்கப்பட்டனர். 1900ஆம் ஆண்டில் மூடி என்னும் புகழ்பெற்ற வாடகை நூலகத்தின் முறை வந்தது. அவதூறு கொண்ட ஒரு நூலைத் திருப்பியனுப்புமாறு பதிப்பாளர் பத்திரிகைகளில் அறிவித்திருந்தனர். நூலகத்தார் அதனைக் கவனியாது நூலை வழங்கிக்கொண்டேயிருந்தனர், தோற்றனர். 1937ஆம் ஆண்டு வழக்கொன்றில், ஒரு விளையாட்டுக் கழகத்தின் சுவரில் யாரோ செய்யுளொன்றை ஒட்டிச் சென்றனர். கண்டும் அகற்றாதிருந்த கழகத்தார் அதனை வெளியிட்டவர்களாகவே கருதப்படுவர் என்று மேன்முறையீட்டு நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் கொண்டனர். செய்யுள் அவதூறன்று என்று முடிவானமையால் மட்டுமே கழகத்தார் தப்பினர்.

இம்மூன்று வழக்குகளையும் ஒருசேர நோக்கினால் நெறி தெளிவாகும். அறியாதவர் தப்பினார், அறிவிப்பைக் கவனியாதவர் அகப்பட்டார், கண்டும் வாளாவிருந்தவர் எழுதியவரோடு சேர்த்து எண்ணப்பட்டார்.

இணையம் தோன்றியபோது இந்நெறி ஒரு விபரீதத்தை விளைத்தது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றமொன்று, பிறர் இட்டவற்றைப் பார்வையிடாத கொம்பியூசேர்வ் நிறுவனத்தை விடுவித்தது. 1995ஆம் ஆண்டில் மற்றொரு நீதிமன்றம், தீயவற்றை நீக்க முயன்ற புரொடிஜி நிறுவனத்தைப் பதிப்பாளராகக் கருதிப் பொறுப்பாக்கிற்று. வீட்டைப் பெருக்கியவர் தண்டனை பெற, பெருக்காதவர் விடுதலை பெற்றார். இதனை மாற்றவே 1996ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டமன்றம், பிறர் சொல்லுக்குத் தளத்தாரைப் பதிப்பாளராகக் கருதலாகாது என்று சட்டமியற்றிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் வேறு வழி சென்றது. அறியும்வரை பொறுப்பில்லை, அறிந்தபின் விரைந்து நீக்காவிடின் பொறுப்புண்டு என்றது.

நமக்கு இது நூலறிவு மட்டுமன்று. 2018 பெப்ரவரி இறுதியில், திருகோணமலை அடங்கிய அதே கிழக்கு மாகாணத்தின் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்ற பொய் பரவியது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் வன்முறை மூண்டது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, உயிர்களும் பறிபோயின. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பேஸ்புக் உள்ளிட்ட தளங்கள் சில நாள் முடக்கப்பட்டன. வெறுப்பைத் தூண்டும் பதிவுகள் பற்றி முறைப்பாடு செய்தும் அவை நீக்கப்படவில்லை என்றும், சிங்களம் அறிந்த பணியாளர் அந்நிறுவனத்திற் போதியவர் இலர் என்றும் அன்று குறை கூறப்பட்டது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் தன் தளம் வகித்த பங்குக்கு மன்னிப்புக் கோரிற்று. எரிந்த வீட்டாருக்கு அம்மன்னிப்பு இரண்டாண்டு பிந்தி வந்தது.

அங்ஙனமாயின், முறைப்பாடு கிடைத்தவுடன் நீக்குக என்று விதித்தால் போதாதா? போதாது. தண்டனைக்கு அஞ்சும் தளத்தார் மெய்யையும் பொய்யையும் ஆராயார். யார் முறையிட்டாலும் நீக்குவர். அப்பொழுது அதிகாரத்திலிருப்போரின் குறையை எடுத்துரைத்த ஏழையின் சொல்லே முதலில் மறையும். இவ்விடரை உணர்ந்த இந்திய உச்ச நீதிமன்றம், 2015 மார்ச் 24ஆம் நாள் சிரேயா சிங்கல் வழக்கில் ஒரு வரம்பு வகுத்தது. நீதிமன்ற ஆணையோ அரசின் முறையான அறிவித்தலோ கிடைத்த பின்னரே தளத்தார் அறிந்தவராகக் கொள்ளப்படுவர் என்பது அது.

இலங்கையில் 2024 பெப்ரவரி 1ஆம் நாள், 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சபாநாயகரின் சான்றுரை பெற்றது. ஆணைக்குழுவொன்று தடைசெய்யப்பட்ட கூற்றுக்களை நீக்கப் பணிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. மெய் எது, பொய் எது என்பதை நீதிமன்றன்றி ஆணைக்குழு தீர்மானிப்பதா என்று பலர் வினவினர். உயர் நீதிமன்றம் வேண்டிய திருத்தங்கள் முழுவதும் சேர்க்கப்படவில்லை என்று கூறிச் சபாநாயகர்மீது கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம் 2024 மார்ச்சில் தோல்வியுற்றது.

நேயர்களே, சுமப்பவரைப் பற்றிக் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: அறிந்தாரா? அறிந்தபின் என் செய்தார்? தீயதென அவருக்கு உரைத்தவர் யார்? முதலிரண்டையும் பழைய நீதிபதிகள் வகுத்துத் தந்தனர். மூன்றாவது, நடுவுநிலை மன்றம் ஒன்றைச் சார்ந்ததாதல் வேண்டும். இவற்றோடு நம் நாட்டு அனுபவம் நான்காவதொன்றையும் சேர்க்கின்றது. அறிதல் என்பது மொழியை அறிதலில் தொடங்குகின்றது. திருகோணமலைத் துறையில் எந்தச் சுங்க அதிகாரியும் தமக்கு வாசிக்கத் தெரியாத பட்டியலின்மேல் ஒப்பமிடார். தமிழிலும் சிங்களத்திலும் சரக்கேற்றி ஊதியம் பெறும் தளத்தார், அம்மொழிகளில் வரும் முறைப்பாட்டைப் படித்துணர வல்லாரை அமர்த்துதல் அவர்தம் முதற்கடமை. அதனைச் செய்யாதவர் பின்னர் ‘அறிந்திலேன்’ என்று கூறினால், அக்கூற்றை ஏற்க இயலாது.