கை சரியில்லை

சீட்டாட்டத்தில் தோற்றவர்கள் சொல்லுகிற காரணங்களை யாராவது ஒரு புண்ணியவான் உட்கார்ந்து தொகுத்தால், அது மகாபாரதத்தைவிடப் பெரிய புத்தகமாகிவிடும். ஆனால் அத்தனை பக்கங்களையும் பிழிந்து பார்த்தால் கடைசியில் மிஞ்சுவது இரண்டே வார்த்தைகள்தான்: "கை சரியில்லை." ஜெயித்தவர்களுடைய புத்தகமோ வேறு விதம். "எனக்கு வந்த கை அப்படி, என் சாமர்த்தியம் இதில் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு மேஜையை விட்டு எழுந்த மகானை வாசகர்களில் யாராவது பார்த்திருந்தால், அவர் இருக்கும் திசையை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

இந்த முறையீடு மிகவும் பழையது. ரிக் வேதத்திலேயே சூதாடித் தோற்ற ஒருவனுடைய புலம்பல் இருக்கிறது. நளன் கதையும் நமக்குத் தெரியும். ஆனால் இங்கே நாம் பார்க்கப் போவது அவ்வளவு பழைய கதையல்ல. 1993-ம் வருஷம் அமெரிக்காவில் பிறந்த ஒரு சீட்டாட்டத்தின் கதை. அதிர்ஷ்டத்தைப் பற்றிய முறையீடு அந்த ஆட்டத்தில் வளர்ந்ததுபோல் வேறெங்கும் வளர்ந்ததாகத் தெரியவில்லை. அதோடு, அந்த முறையீடு எவ்வளவு நியாயம் என்பதை அங்கே எண்ணால் அளந்து சொல்லவும் முடியும்.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பவர் கணித சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்; அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜேம்ஸ் கார்ஃபீல்டின் வம்சத்தில் வந்தவர். அவர் தாம் கண்டுபிடித்த வேறொரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, வாஷிங்டன் மாநிலத்தில் சிறிய கம்பெனி நடத்திவந்த பீட்டர் அட்கிஸனிடம் போனார். அட்கிஸன், "அதை அச்சிடப் பணம் அதிகம் வேண்டும். கையோடு எடுத்துப் போகக்கூடியதாக, சீக்கிரம் ஆடி முடிக்கக்கூடியதாக ஏதாவது செய்து தரமுடியுமா?" என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'மேஜிக்: தி கேதரிங்'. 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. முதல் பதிப்பில் அச்சான சுமார் 26 லட்சம் சீட்டுகளும் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன.

நம் ஊர் ரம்மிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரம்மியில் எல்லோருக்கும் ஒரே கட்டு. இதிலோ ஆளுக்கொரு கட்டு. கடையில் சீட்டுப் பொட்டலங்களை வாங்கி, நண்பர்களோடு பண்டமாற்றுச் செய்து, வேண்டிய சீட்டுகளைப் பொறுக்கி, குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட தன் கட்டைத் தானே தயாரித்துக்கொண்டு ஒவ்வொருவரும் வருகிறார்கள். ஆக, தோற்றால் கட்டைச் சேர்த்துக் கொடுத்தவனைக் குறை சொல்ல வழியில்லை. சேர்த்தவன் தான்தான்!

ஆனால் மனித மனத்துக்கு வழியா இல்லை? கட்டில் இரண்டு வகைச் சீட்டுகள் இருக்கின்றன. ஒன்று மந்திரங்கள், பூதங்கள், வீரர்கள். இன்னொன்று நிலம். நிலத்திலிருந்து 'மானா' என்ற சக்தி கிடைக்கும். அந்தச் சக்தியைச் செலவழித்துத்தான் மந்திரத்தை ஏவ முடியும். பசிபிக் தீவுவாசிகளின் பாஷையிலிருந்து வந்த வார்த்தை அது. நிலம் வராவிட்டால், கையில் எவ்வளவு பெரிய பூதம் இருந்தாலும் அது கையிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். நிலமாகவே வந்தால், விதைக்க விதையில்லாத மிராசுதார் கதைதான். முதலாவதை ஆட்டக்காரர்கள் 'ஸ்க்ரூ' என்கிறார்கள். இரண்டாவதை 'ஃப்ளட்' என்கிறார்கள். வறட்சி என்றும் வெள்ளம் என்றும் நாம் வைத்துக்கொள்வோம். உலகத்தில் எந்த ஊரில் இந்த ஆட்டப் போட்டி நடந்தாலும் வாசலில் நின்று கேட்டால் இந்த இரண்டு புகார்தான் காதில் விழும்.

கணக்குப் படித்த கார்ஃபீல்டுக்கு இந்த அநியாயம் தெரியாமலா இருந்திருக்கும்? பிற்காலத்தில், 2012-ல், வேறு இருவரோடு சேர்ந்து விளையாட்டுகளின் இயல்பைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். அதிர்ஷ்டமும் திறமையும் தராசின் இரண்டு தட்டுகள் அல்ல, ஒன்று ஏறினால் மற்றது இறங்கவேண்டுமென்ற அவசியமில்லை என்பது அதில் சொல்லப்படும் கருத்துகளில் ஒன்று. இரண்டும் நிறைந்த ஆட்டமும் இருக்கலாம். சதுரங்கத்தில் கற்றுக்குட்டி ஒருவன் உலக சாம்பியனோடு நூறு தடவை ஆடினால் நூறு தடவையும் தோற்பான். நூற்றியோராவது ஆட்டத்துக்கு உட்காரமாட்டான். இந்தச் சீட்டாட்டத்திலோ சாம்பியனுக்கு நிலம் வராமல் போகலாம். கற்றுக்குட்டி ஒரு நாள் ஜெயிக்கலாம். அந்த ஒரு நாளுக்காகவே அவன் மறுபடி மறுபடி வருவான். ஆக, சாம்பியன் போடும் கூச்சல் கற்றுக்குட்டியின் சந்தோஷத்துக்குக் கொடுக்கப்படும் விலை.

இப்போது அநியாயத்தை எண்ணிப் பார்க்கலாம். 60 சீட்டுக் கட்டில் 24 நிலம் வைப்பது சாதாரண வழக்கம். முதலில் எடுப்பது 7 சீட்டு. அந்த ஏழில் நிலமே இல்லாமலோ, ஒன்றே ஒன்று மட்டுமோ வருவதற்கு எவ்வளவு சாத்தியம்? கணக்குப் போட்டால் நூற்றுக்குச் சுமார் 14 வருகிறது. அதாவது ஏழு கைகளில் ஒன்று வறட்சிக் கை. இதற்குச் சனி பகவான் வக்கிரமாகப் பார்க்க வேண்டியதில்லை. சீட்டை ஒழுங்காகக் கலைத்தாலே போதும்.

ஒரு போட்டிக்கு 343 பேர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்தில் சராசரியாக 49 பேருக்கு வறட்சி. அவர்களில் 7 பேருக்கு இரண்டாவது ஆட்டத்திலும் வறட்சி. அந்த ஏழு பேரில் ஒருவருக்கு மூன்றாவது ஆட்டத்திலும் அதே கதி. அந்த ஒருவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவார்? "மூன்று ஆட்டம்! மூன்றிலும் நிலம் இல்லை! இது தற்செயல் என்று என்னை நம்பச் சொல்லுகிறாயா?" என்பார். அவர் சொல்வதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்த மண்டபத்தில் யாராவது ஒருவர் அப்படிச் சொல்லத்தான் வேண்டும் என்று கணிதம் முன்கூட்டியே நாற்காலி போட்டு வைத்திருந்தது. அவர் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார்.

முறையிடுகிறவர்களின் குரலை ஆட்டத்தின் விதிகளும் காது கொடுத்துக் கேட்டிருக்கின்றன. கெட்ட கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கை எடுப்பதற்கு 'மல்லிகன்' என்று பெயர். சோழ நாட்டுச் சிற்றரசன் பெயர் போல் ஒலித்தாலும் அது கோல்ஃப் மைதானத்திலிருந்து வந்த சொல்தான். ஆரம்ப காலத்தில், கை முழுவதும் நிலமாகவோ, நிலமே இல்லாமலோ இருந்தால் எதிராளிக்குக் காட்டிவிட்டு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். 1997-ல் பாரிஸ் பெயரால் ஒரு விதி வந்தது: காரணம் சொல்லாமலே எந்தக் கையையும் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டுக் குறையும். 2015-ல் வான்கூவர் விதி வந்தது. குறைந்த கையோடு ஆடுகிறவன் கட்டின் மேல் சீட்டு ஒன்றைப் பார்த்து, வேண்டாமென்றால் அடியில் தள்ளலாம். 2019-ல் லண்டன் விதி: மறுபடி ஏழு சீட்டையும் எடுத்துப் பார்த்து, அவற்றில் வேண்டாததைக் கட்டுக்கு அடியில் வைக்கலாம். ஒவ்வொரு திருத்தத்திலும் துரதிர்ஷ்டத்தின் பல் ஒன்று பிடுங்கப்பட்டது. ஆனால் புகார் குறைந்ததா என்றால், அதுதான் இல்லை.

அதற்குக் காரணம், தற்செயல் என்பது எப்படி இருக்கும் என்று நம் மனத்தில் ஒரு தப்பான சித்திரம் இருப்பதுதான். நிலமும் மந்திரமும் மாலையில் பூவும் மருவும் போல மாறி மாறி வருவதுதான் நல்ல கலைப்பு என்று நினைக்கிறோம். சில ஆட்டக்காரர்கள் இரண்டு மந்திரத்துக்கு ஒரு நிலம் என்று கட்டை முதலில் அடுக்கிக்கொண்டு, பிறகு பேருக்கு நாலு தடவை கலைப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நன்றாகக் கலைத்தால், அடுக்கியது வீண். அடுக்கியது பலன் தந்தால், நன்றாகக் கலைக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு மோசடி என்று பெயர். 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துக் கலைக்கும் முறையில், ஏறக்குறைய ஏழு தடவை கலைத்தால்தான் கட்டுச் சரியாகக் கலையும் என்று டேவ் பேயர், பெர்ஸி டயகோனிஸ் என்ற இரு கணித நிபுணர்கள் 1992-ல் நிரூபித்தார்கள். ஏழு தடவை பொறுமையாகக் கலைக்கிறவர் நம்மில் எத்தனை பேர்?

பிரிட்ஜ் ஆட்டத்தில் கம்ப்யூட்டர் சீட்டுப் பங்கிட ஆரம்பித்தபோது, "இதென்ன, இப்படிக் கோணல் மாணலாக வருகிறதே!" என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கோணல் கம்ப்யூட்டரில் இல்லை. அதற்கு முன்னால் கையால் அரைகுறையாகக் கலைத்த கலைப்புத்தான் சமனாக வந்துகொண்டிருந்தது. மேஜிக் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆடுவதற்கு ஏற்படுத்தியபோது, ஒரே ஆட்டத்தில் முடியும் பந்தயங்களுக்கு மட்டும், ஒன்றுக்கு மேற்பட்ட கைகளை இரகசியமாக எடுத்துப் பார்த்து, நில விகிதம் பொருத்தமாக இருக்கிற கையைக் கொடுக்கும்படி கம்பெனியார் ஏற்பாடு செய்தார்கள். யந்திரமே ஆட்டக்காரன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது! அப்படியும் "யந்திரம் என்னைக் குறிவைத்துக் கெடுக்கிறது" என்கிற புகார் நின்றபாடில்லை.

அப்படியானால் முறையிடுவதே முட்டாள்தனமா? இல்லை. 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் மெரே என்று ஒரு பிரபு இருந்தார். பகடை ஒன்றை நாலு தடவை உருட்டினால் ஒரு தடவையாவது ஆறு விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம் என்பது அவருக்குத் தெரியும். ஆறு முகத்துக்கு நாலு உருட்டல் என்றால், இரண்டு பகடையின் 36 சேர்க்கைக்கு 24 உருட்டல்தானே? இரண்டு ஆறும் சேர்ந்து விழும் என்று 24 உருட்டலுக்குப் பந்தயம் கட்டுவதும் லாபமாகத்தானே இருக்கவேண்டும்? ஆனால் அது நஷ்டம். முதலாவதில் ஜெயிக்கும் சாத்தியம் நூற்றுக்கு 51.8, இரண்டாவதில் 49.1. மெரே தம் ஜாதகத்தைக் குறை சொல்லவில்லை; கணிதமே முன்னுக்குப் பின் முரண் என்று பாஸ்கலிடம் குறை சொன்னார். பாஸ்கல் 1654-ல் ஃபெர்மாவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்திலிருந்துதான் நிகழ்தகவு என்கிற சாஸ்திரம் வளர்ந்தது. இன்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியம் கணக்கிடுவது அதை வைத்துத்தான். ஒரு சூதாடியின் புகார் இவ்வளவு தூரம் போயிருக்கிறது. "எனக்கு ஏன்?" என்று கேட்காமல் "இது எப்படி?" என்று கேட்டதுதான் காரணம்.

மறுபக்கம் இருப்பவர்களும் தப்பித்துக்கொள்ள முடியாது. 'கேவண்டிஷ்' என்ற புனைபெயரில் விஸ்ட் ஆட்டத்தைப் பற்றி எழுதிய ஹென்றி ஜோன்ஸ், 1857-ல் லண்டனில் ஒரு பரீட்சை நடத்தினார். கெட்டிக்காரர்களும் சுமாரானவர்களும் இரண்டு மேஜைகளில் உட்கார்ந்தார்கள். ஒரு மேஜையில் கெட்டிக்காரர்களுக்கு விழுந்த அதே சீட்டு, அடுத்த மேஜையில் சுமாரானவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. கை ஒன்றே என்றால், மிஞ்சுவது மூளை. திறமையிருப்பதாகப் பெருமையடிப்பவர்கள் எல்லோரும் இந்தப் பரீட்சைக்குத் தயாராக இருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

மேஜிக் ஆட்டத்திலும் நீண்ட காலக் கணக்கு இந்தப் பரீட்சையைச் செய்துவிடுகிறது. ஜெர்மானியரான கை பூடே, 'ப்ரோ டூர்' என்ற பெரிய போட்டித் தொடரில் ஏழு பட்டங்கள் பெற்றார். அவருக்கும் ஏழு கைகளில் ஒன்று வறட்சிக் கைதான். தேவதைகள் வந்து அவர் கட்டைக் கலைக்கவில்லை. மற்ற ஆறு கைகளில் அவர் தப்புச் செய்தது குறைவு. அதுதான் வித்தியாசம். தோற்றவர் அந்த ஏழாவது கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், ஆறு கைகளில் செய்த தப்புகள் யார் கண்ணிலும் படாமல் மறைந்து போகின்றன. துரதிர்ஷ்டத்தால் ஓர் ஆட்டம் போகும். அதைப் பற்றிய புலம்பலால் அடுத்த பத்து ஆட்டமும் போகும். அதே போல், ஜெயித்தவர் தம் அதிர்ஷ்டக் கையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அவரும் ஒன்றும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அதோடு, எதிரே இருப்பவரைச் சோம்பேறி என்றும் மூடர் என்றும் நினைக்க ஆரம்பித்துவிடுவார். சீட்டு மேஜைக்கு வெளியிலும், உத்தியோகத்திலும் வியாபாரத்திலும், இந்த இரண்டாவது வியாதிதான் அதிக ஆபத்தானது.

நளனைக் கலி பிடித்ததாகக் கதை சொல்லுகிறது. திருநள்ளாற்றில் கேட்டால் சனி என்பார்கள். எதுவானாலும், அவன் விடுபட்ட விதத்தைப் பாருங்கள். தேரில் போகும்போது இருதுபர்ண மகாராஜா ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதில் இத்தனை காய் என்று சொல்லுகிறான். நளன் "ஆகா" என்று தலையாட்டிவிட்டுத் தேரை ஓட்டவில்லை. தேரை நிறுத்தி, இறங்கி, மரத்தை வெட்டி, காய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரியாக இருந்தது. அந்த வித்தையையும் அதோடு சேர்ந்த சூதின் சூட்சுமத்தையும் தனக்குக் கற்றுத் தரும்படி கேட்டான். கற்றுக்கொண்ட மாத்திரத்தில் கலி அவன் உடம்பை விட்டு இறங்கிப் போனான்.