பீட்டானின்

பீட்டானின் என்பது பீட்ரூட் கிழங்கிற்குச் சிவப்பு நிறத்தைத் தரும், நீரில் கரையும் நிறமி ஆகும். இது பீட்டாலைன் வகையைச் சேர்ந்தது. இதனைக் கொண்ட பீட்ரூட் சாறு, ஈ162 என்னும் எண்ணுடன் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு நிறமூட்டியாக அனுமதிக்கப்பட்டுள்ளது.

நிலைப்புத்தன்மை

வெப்பம், ஒளி, ஆக்சிசன் ஆகியவை பீட்டானினைச் சிதைக்கின்றன. சூடாக்கும்போது இது நீராற்பகுப்படைந்து, மஞ்சள் நிற பீட்டாலமிக் அமிலமாகவும் நிறமற்ற சைக்ளோடோப்பா குளுக்கோசைடாகவும் பிரிகிறது. குளிர்வித்தால் இவ்விரண்டும் ஓரளவு மீண்டும் இணைந்து சிவப்பு நிறத்தைத் தரும். இரும்பு, செப்பு அயனிகள் சிதைவை விரைவுபடுத்துகின்றன. காரத்தன்மை மிகுந்தால் நிறம் மஞ்சளாகிறது.

சேமிப்பும் பயன்பாடும்

ஈரம் நீக்கிய தூள், சாற்றைவிட நீண்ட காலம் நிறம் மாறாதிருக்கும். இதனைக் காற்றும் ஒளியும் புகாத கலன்களில், குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். நெடுநேரம் சூடாக்கப்படும் உணவுகளைவிட, பனிக்கூழ், தயிர் முதலிய குளிர்ந்த உணவுகளுக்கே பீட்டானின் ஏற்றது.