காப்பீட்டின் அலகு: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரும் கூட்டுறவு மருத்துவக் காப்பீடும்

ஆய்வுச்சுருக்கம்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களால் முழுமையாகப் பயன்பெற இயலாத நிலையில் உள்ளனர். இவ்விடைவெளியைக் கூட்டுறவுக் காப்பீடு நிரப்ப இயலுமா என்பதை அகமதாபாத், கூடலூர், கர்நாடகம் ஆகிய இடங்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், பின்னலாடை, ஈ.எஸ்.ஐ., கூட்டுறவு, மருத்துவக் காப்பீடு

முன்னுரை

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் சந்தா எவ்வளவு, அதனைச் செலுத்துவோர் யார் என்பவற்றைச் சுற்றியே அமைகின்றன. ஒரு திட்டம் எதனைத் தன் அலகாகக் கொள்கிறது என்பதும் அதே அளவு முதன்மையானது. ஈ.எஸ்.ஐ. தொழிற்கூடத்தை அலகாகக் கொள்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்தைக் கொள்கிறது. கூட்டுறவுக் காப்பீடு சங்கத்தைக் கொள்கிறது. இவற்றுள் எது திருப்பூர்த் தொழிலாளரின் வாழ்நிலைக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வினா.

அரசுக் காப்பீடும் அதன் எல்லையும்

1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் செயலுக்கு வந்தது. தமிழகத்தில் அது முதலில் நடைமுறையான இடம் கோயம்புத்தூர் (1955). அந்நகரின் நூற்பாலைகளில் தொழிலாளர் ஒரே வளாகத்தில், ஒரே நிருவாகத்தின்கீழ்ப் பணியாற்றினர். திருப்பூரின் உற்பத்தி முறை வேறு. நிட்டிங், சாயமிடல், காம்பாக்டிங், தையல், செக்கிங், அயர்னிங் ஆகியவை தனித்தனிக் கூடங்களில் ஜாப் ஒர்க்காக நடைபெறுகின்றன. ஆர்டர் வரும்போது பெருகி, குறையும்போது கலையும் பவர் டேபிள் கூடங்களில் பீஸ் ரேட்டுக்குத் தைப்போர் பலர்.

பத்துப் பேருக்குக் குறைவான கூடங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றன. ஈ.எஸ்.ஐ. வழங்கும் நோய்க்கால உதவித்தொகை கூலியில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதனைப் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். பதிவுபெற்ற கம்பெனியில் இரண்டு மாதம், பதிவற்ற கூடத்தில் நான்கு மாதம் என மாறிமாறி உழைப்பவர் அரையாண்டு முழுதும் உழைத்தும் இத்தகுதியை இழக்கிறார்.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் திட்டமும் அறுவை உள்ளிட்ட பெருஞ்செலவுச் சிகிச்சைகளின் சுமையைக் குறைத்தன. எனினும், நோயுற்ற நாள்களில் இழக்கும் கூலிக்கு அவற்றில் ஈடில்லை. குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டமையால், குடும்பத்தை ஒடிசாவிலோ பீகாரிலோ விட்டு வந்த தொழிலாளி அவ்வலகுக்குள் எளிதில் அடங்குவதில்லை.

சங்கத்தை அலகாகக் கொண்ட முயற்சிகள்

திருப்பூருக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம் மற்றொரு துணிநகரான அகமதாபாத்தில் தோன்றியது. அங்கு ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து 1972இல் சேவா உருவானது. 1974இல் தனக்கெனக் கூட்டுறவு வங்கியை நிறுவியது. 1992இல்தான் காப்பீட்டைத் தொடங்கியது. உறுப்பினர் வங்கியில் இட்ட வைப்புத்தொகையின் வட்டியிலிருந்தே சந்தாவைச் செலுத்தும் வழியும் இருந்தது. 2009இல் அக்காப்பீடு தனிக் கூட்டுறவு அமைப்பாயிற்று.

கூடலூரிலும் 1992இலேயே ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு ஏற்பட்டது. அங்கும் சங்கமும் மருத்துவமனையும் காப்பீட்டுக்கு முன்பே இருந்தன. சந்தாவின் ஒரு பகுதியைப் புறநிதியே தாங்கியது. கர்நாடகத்தின் யசஸ்வினி 2003இல் ஊரகக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களை மாதம் 5 ரூபாய்ச் சந்தாவில் சேர்த்தது; முதலாண்டில் சேர்ந்தோர் ஏறத்தாழ 16 லட்சம். அதற்கும் அரசு நிதி தேவைப்பட்டது. 2018இல் அது அரசின் பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டுப் பின்னர் மீட்டெடுக்கப்பட்டது.

இம்மூன்றிலிருந்தும் இரு செய்திகள் புலனாகின்றன. காப்பீட்டுக்கு முன்னரே சங்கம் நிலைபெற்றிருந்தது; உறுப்பினர் சந்தா மட்டும் செலவை ஈடுசெய்யவில்லை.

திருப்பூரில் சங்கம்

திருப்பூரில் கூட்டுச் செயற்பாட்டுக்குக் குறைவில்லை. சைமாவும், 1990இல் தோன்றிய ஏற்றுமதியாளர் சங்கமும், சாய ஆலைகள் பங்கிட்டு நிறுவிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் அதற்குச் சான்று. சரத் சாரி தம் நூலில் (2004) விளக்கும் உடன்பிறப்பு முதலாண்மையும் கூட்டாளிகளின் இணைவையே அடித்தளமாகக் கொண்டது. ஆனால் இவை யாவும் உடைமையாளரின் கூட்டுகள்.

தொழிலாளரிடம் இருப்பவை தொழிற்சங்கங்கள். 1984ஆம் ஆண்டின் நெடிய பஞ்சப்படிப் போராட்டம் முதல் இன்றைய கூலி ஒப்பந்தங்கள் வரை அவை உரிமையைப் பேசிப் பெறும் அமைப்புகளாகவே வளர்ந்தன. சேவாவைப் போல வங்கியையும் காப்பீட்டையும் நடத்தும் அமைப்புகளாக வளரவில்லை.

முடிவுரை

ஆகவே, கூட்டுறவுக் காப்பீட்டை அரசுக் காப்பீட்டின் மாற்றாக முன்வைப்பது வரலாற்றோடு பொருந்தாது. அரசு விலகினால் நோயின் சுமை குறைந்த கூலி பெறுவோர் மீதே முழுமையாக விழும். கூட்டுறவின் பயன் வேறொன்றில் உள்ளது: கம்பெனி மாறினாலும் மாறாத உறுப்பினர் நிலையை அது தரவல்லது. பல கூடங்களில் உழைத்த நாள்களைத் தொகுத்துக் காட்டவும், விடுபட்ட பங்களிப்பைக் கோரவும், இழந்த கூலிக்குச் சிறு ஈடு வழங்கவும் அத்தகைய சங்கத்தால் இயலும். தொழிற்சங்கங்களின் கூலி ஒப்பந்தத்தில் உடைமையாளரின் பங்களிப்பையும் ஒரு கூறாகச் சேர்த்தால் அதற்கான தொடக்கம் அமையும். புலம்பெயர்ந்த தொழிலாளரை உறுப்பினராக ஏற்பதைப் பொறுத்தே அச்சங்கத்தின் பயன் அமையும்.