ஆண் குழந்தைன்னா லேட்டாத்தான் பேசுமா? வளர்ச்சிக் குறைபாட்டில் பாலினம், இனம், பண்பாட்டின் பங்கு என்ன?

"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்கப்பாவும் அப்படித்தான் இருந்தாரு". ஆட்டிசம் போன்ற குறைபாடுகளைக் கண்டறிவது தள்ளிப்போக இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

2018-ல் வெளியான ஆய்வில், இந்தியாவின் 5 இடங்களில் 2 முதல் 9 வயதுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 8-ல் ஒருவருக்கு ஏதேனும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பது தெரியவந்தது.

பெண் குழந்தைகளுக்கு வராதா?

வரும். 4 ஆண்களுக்கு 1 பெண் என்பதே ஆட்டிசத்தில் நீண்டகாலக் கணக்கு. 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது 3-க்கு 1 என நெருங்கியது. மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளும் பெண் குழந்தையை "அமைதியான புள்ள" என்று விட்டுவிடுகிறோம். ஏடிஎச்டி-யிலும் ஓடியாடும் பையன் கண்ணில் படுகிறான்; கவனம் சிதறி உட்கார்ந்திருக்கும் சிறுமி படுவதில்லை.

இனம் காரணமா?

அமெரிக்காவில் முன்பு வெள்ளையினக் குழந்தைகளிடமே ஆட்டிசம் அதிகம் பதிவானது. 2020-ம் ஆண்டுத் தரவில் கறுப்பின, ஆசியக் குழந்தைகளின் விகிதம் அதைத் தாண்டியது. பரிசோதனை வசதி பரவலானது இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

மஞ்சூரில் என்ன சிக்கல்?

நீலகிரியின் குந்தா பகுதியில் உள்ள மஞ்சூரைச் சுற்றி படுகர் ஹட்டிகளும் தேயிலைத் தோட்டங்களும் உள்ளன. வீட்டில் படுக மொழி, அங்கன்வாடியில் தமிழ். நீலகிரித் தோட்டங்களில் வேலை செய்யும் வட மாநிலத்தவரின் குழந்தைகளுக்கோ வேறு தாய்மொழி. தெரியாத மொழியில் சோதித்தால், பேச்சு வரும் குழந்தையும் பேசாததாகத் தெரியும். அதேபோல, "ரெண்டு பாஷை, அதான் குழம்புது" என்று நிஜமான தாமதத்தைத் தள்ளிவிடுவதும் ஆபத்து. பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வராது. பெரியவர்கள் முகம் பார்த்துப் பேசுவதை மரியாதைக் குறைவாகக் கருதும் வீடுகளில், 'கண் பார்த்துப் பேசுகிறதா?' என்ற ஒரு கேள்வி மட்டும் போதாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

* 12 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது
* 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராதது
* 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது
* வந்த பேச்சு நின்றுபோவது

இதில் ஒன்று இருந்தாலும், ஆணோ பெண்ணோ, காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது?

2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு 2 முறை, அரசுப் பள்ளிகளுக்கு 1 முறை வர வேண்டும். அங்கன்வாடி ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால், மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். வீட்டில் பேசும் மொழி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளன.